குறைத்த எடைக்குக் காவல்

(மாவட்ட நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



உடல் எடையைப் பற்றிப் பேச வேண்டும் என்று அழைத்தார்கள். ஆனால் எடையைக் குறைப்பது எப்படி என்று நான் பேசப் போவதில்லை. அதைச் சொல்ல ஊரில் ஆள் பஞ்சம் இல்லை. பேலியோ என்கிறார் ஒருவர். விரதம் என்கிறார் இன்னொருவர். கொள்ளுக் கஞ்சி என்கிறார் மூன்றாமவர். நான் பேச வந்தது அதற்கு அடுத்த கட்டத்தை. இருபது கிலோ குறைத்தாயிற்று. பழைய சட்டை தோளில் நிற்காமல் தொளதொளக்கிறது. பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டி முடித்துவிட்டார்கள். சரி, அதற்குப் பிறகு? அடுத்த ஆண்டு என்ன ஆனது? அதற்கடுத்த ஆண்டு என்ன ஆனது? குறைத்த எடை குறைந்தபடியே நிற்கிறதா? நிற்கிறதென்றால் யார் அதற்குக் காவல்? இதுதான் இன்று என் பேச்சு.

ஏன் இந்தப் பேச்சு? என்னிடம் வருகிறவர்களில் எடையைக் குறைக்கத் தெரியாதவர்கள் குறைவு. ஒரு முறை குறைத்தவர்கள் வருகிறார்கள். இரண்டு முறை, மூன்று முறை குறைத்தவர்களும் வருகிறார்கள். குறைத்ததெல்லாம் திரும்பி வந்து, கூடவே ஐந்து கிலோ சேர்ந்துகொண்ட பிறகு, தலையைக் குனிந்துகொண்டு உட்காருகிறார்கள். "எனக்குக் கட்டுப்பாடே இல்ல டாக்டர்" என்கிறார்கள். அந்தத் தலைகுனிவு எனக்குப் பொறுக்கவில்லை. அது நியாயமும் இல்லை. ஏன் நியாயம் இல்லை என்பதைத்தான் முதலில் சொல்லப் போகிறேன்.

நம் நிலைமையை ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 40 பேர், ஆண்களில் 37 பேர் அளவுக்கு மீறிய எடை உள்ளவர்கள். அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் பெண்கள் 31, ஆண்கள் 28. இந்த மண்டபத்தில் ஒரு வரிசையை எண்ணிப் பாருங்கள், உங்களுக்கே தெரியும். ஆக இது யாரோ சிலருடைய சங்கதி இல்லை. நம் வீட்டுச் சங்கதி.

இப்போது உங்களை லண்டனுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். ஆண்டு 1862. வில்லியம் பேன்டிங் என்று ஒரு மனிதர். இறுதி ஊர்வலங்களை நடத்திக் கொடுப்பது அவர் தொழில். அரச குடும்பத்துக்கே அந்தக் காரியங்களைச் செய்துகொடுத்த பேர்பெற்ற நிறுவனம் அவருடையது. வயது அறுபத்தாறை நெருங்கிவிட்டது. உயரம் ஐந்தடி ஐந்து அங்குலம். எடை 202 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 92 கிலோ. குனிந்து தன் காலணியின் கயிற்றைக் கட்ட அவரால் முடியாது. மாடிப்படியில் முன்பக்கமாக இறங்கினால் முழங்காலும் கணுக்காலும் தாங்காது என்று, பின்பக்கமாகத் திரும்பி, ஒவ்வொரு படியாக, மெதுவாக இறங்குவார். நினைத்துப் பாருங்கள், சொந்த வீட்டின் படியில் ஒரு பெரிய மனிதர் பின்புறமாக இறங்குகிறார்!

அவர் முயற்சி செய்யாமலா இருந்தார்? எத்தனையோ ஆண்டுகள் முயன்றார். உடம்பை அசைத்தால் குறையும் என்றார்கள். அதிகாலையில் எழுந்து தேம்ஸ் ஆற்றில் படகு வலித்தார். கை வலுத்தது, பசியும் வலுத்தது, எடை கூடியது. நீராவிக் குளியல் என்றார்கள், செய்தார். கனிம நீர் ஊற்றுகள் உள்ள ஊர்களுக்குப் போய் அந்தத் தண்ணீரைக் குடி என்றார்கள், குடித்தார். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் காது மந்தமாகிறதே என்று வில்லியம் ஹார்வி என்ற மருத்துவரிடம் போனார். அவர் காதைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், சாப்பாட்டை மாற்றச் சொன்னார். ரொட்டி, வெண்ணெய், பால், சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு, இவற்றை எல்லாம் விடச் சொன்னார். சுமார் ஓராண்டில் 46 பவுண்டு இறங்கியது. நம் கணக்கில் 21 கிலோ.

1863-இல் பேன்டிங் ஒரு சிறு வெளியீட்டை எழுதி, தன் கைக்காசில் அச்சிட்டு, இலவசமாகக் கொடுத்தார். தனக்குக் கிடைத்தது மற்றவர்களுக்கும் கிடைக்கட்டும் என்ற நல்லெண்ணம். அந்த வெளியீடு நாடு நாடாகப் பரவியது. அதில் அவர் சாப்பிட்டதை நீங்கள் அப்படியே சாப்பிட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். மூன்று வேளையும் இறைச்சி, கூடவே மது என்பது நமக்கு வழிகாட்டி ஆகாது. நான் அதில் பார்ப்பது வேறு ஒன்றை. எந்தத் தேதியில் எத்தனை பவுண்டு என்று தன் எடையை அவர் வரிசையாகக் குறித்து வைத்தார். குறைந்த பிறகும் சாப்பாட்டு முறையை விடவில்லை. மாடிப்படியில் பின்புறமாக இறங்கியவர், 81 வயது வரை வாழ்ந்து 1878-இல் மறைந்தார்.

பேன்டிங் ஒருவர் காத்தார். ஏன் பலரால் காக்க முடியவில்லை? அவர்களுக்கு மன உறுதி இல்லையா?

மன உறுதி என்றால் என்ன என்று காட்டியவர்கள் 36 இளைஞர்கள். இரண்டாம் உலகப் போர்க் காலம். அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகம். துப்பாக்கி தூக்கமாட்டோம், கொல்லமாட்டோம் என்று மறுத்து நின்ற இளைஞர்கள் அவர்கள். போரால் பட்டினி கிடக்கும் ஐரோப்பிய மக்களுக்கு எப்படி மறுபடி உணவு கொடுத்து உடம்பைத் தேற்றுவது என்பதை அறிய ஓர் ஆராய்ச்சி தேவைப்பட்டது. ஆன்சல் கீஸ் என்ற விஞ்ஞானி அதை நடத்தினார். அந்த இளைஞர்கள் தாமே முன்வந்து தங்கள் உடம்பைக் கொடுத்தார்கள். அவர்கள் பருமனானவர்கள் இல்லை. சரியான எடையில் இருந்த, நல்ல ஆரோக்கியமான பிள்ளைகள். 1945-இல் ஆறு மாதம் அவர்களுக்கு அரை வயிற்றுச் சாப்பாடு. உருளைக்கிழங்கு, டர்னிப் கிழங்கு, கறுப்பு ரொட்டி, மக்ரோனி. வாரந்தோறும் பல மைல் நடை. ஆறு மாத முடிவில் உடல் எடையில் கால் பங்கு போய்விட்டது.

அந்த ஆறு மாதத்தில் அவர்களுக்கு என்ன நடந்தது? உடம்பு செலவைச் சுருக்கியது. நாடித்துடிப்பு குறைந்தது. எப்போதும் குளிர்ந்தது. மனம் முழுக்கச் சோறு. அரசியல் பேசியவர்கள் அரசியலை விட்டார்கள், காதலித்தவர்கள் காதலை மறந்தார்கள். சமையல் குறிப்புப் புத்தகங்களைக் கதைப் புத்தகம் போலப் படித்தார்கள். தட்டை நக்கினார்கள். பிறகு மறுபடி உணவு கொடுத்தபோது? வயிறு முட்டச் சாப்பிட்டும் பசி அடங்கவில்லை என்றார்கள். உடம்பில் கொழுப்பு பழைய அளவையும் தாண்டிச் சேர்ந்தது. எல்லாம் ஒரு நிலைக்கு வர மாதக்கணக்கில் ஆனது.

சிறைக்கும் பழிச்சொல்லுக்கும் அஞ்சாமல் கொள்கையில் நின்றவர்கள் அவர்கள். அவர்களுக்கா மன உறுதி இல்லை? அவர்களையே பசி அப்படி ஆட்டிவைத்தது என்றால், பிள்ளைகளுக்கும் கணவருக்கும் மாமியாருக்கும் மூன்று வேளை சமைத்துக்கொண்டே, தான் மட்டும் அரை வயிறு சாப்பிட்டு இருபது கிலோ குறைத்த ஒரு பெண்ணிடம், "உனக்குக் கட்டுப்பாடு இல்லை" என்று சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

உடம்பு ஏன் இப்படிச் செய்கிறது? மனித குலம் பல்லாயிரம் ஆண்டுகள் அஞ்சியது பஞ்சத்துக்கு. கொழுப்பு என்பது உடம்பு தனக்கென்று கட்டி வைத்த குதிர். குதிரில் நெல் இறங்கினால் வீட்டுக்காரி சும்மா இருப்பாளா? உலையில் அரிசியைக் குறைப்பாள், எங்கே நெல் கிடைக்கும் என்று ஆள் அனுப்புவாள். உடம்பும் அதைத்தான் செய்கிறது. கொழுப்பு அணுக்களிலிருந்து லெப்டின் என்ற ஹார்மோன் சுரந்து, இருப்பு போதும் என்ற செய்தியை மூளைக்குக் கொண்டுபோகிறது. இதை 1994-இல் அமெரிக்காவில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழுவினர் கண்டுபிடித்தார்கள். கொழுப்பு குறைந்தால் லெப்டின் குறைகிறது. மூளை அபாய மணி அடிக்கிறது. பசியைத் தூண்டும் ஹார்மோன்கள் கூடுகின்றன. இன்னொன்றும் கேளுங்கள்: எடை குறையும்போது கொழுப்பு அணுக்கள் சுருங்குகின்றனவே தவிர, அவற்றின் எண்ணிக்கை பெரிதாகக் குறைவதில்லை. மறுபடி நிரம்பக் காத்துக்கொண்டு அங்கேயே இருக்கின்றன.

இந்த அபாய மணி எத்தனை நாள் அடிக்கும்? ஒரு வாரமா? ஒரு மாதமா? ஆஸ்திரேலியாவில், மெல்போர்னில், எடையைக் கடுமையாகக் குறைத்த ஐம்பது பேரை ஓராண்டு கழித்து மறுபடி சோதித்தார்கள். 2011-இல் அந்த முடிவு வெளிவந்தது. ஓராண்டு ஆகியும் பசி ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. ஓராண்டு கழித்தும் அவர்களுக்குப் பசி கூடுதலாகவே இருந்தது!

இன்னும் ஒன்று. அமெரிக்கத் தொலைக்காட்சியில் எடை குறைப்புப் போட்டி ஒன்று நடந்தது, 'தி பிக்கஸ்ட் லூசர்' என்று. ஒரு நாளில் பல மணி நேரம் உடற்பயிற்சி, கடுமையான உணவுக் கட்டுப்பாடு, முப்பது வாரம். அதில் கலந்துகொண்ட 14 பேரை கெவின் ஹால் என்ற விஞ்ஞானியும் அவர் குழுவினரும் ஆறு ஆண்டுகள் கழித்துச் சோதித்தார்கள். போட்டியின்போது சராசரியாக 58 கிலோ குறைத்தவர்கள் அவர்கள். ஆறு ஆண்டில் 41 கிலோ திரும்பி வந்துவிட்டது. அதைவிட நம்மைத் திடுக்கிட வைப்பது வேறு. அவர்கள் சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடம்பு செலவழிக்கும் கலோரி, அந்த எடையும் வயதும் உள்ள ஒருவருக்கு இருக்க வேண்டியதைவிட நாளொன்றுக்கு சுமார் 500 குறைவாக இருந்தது. ஆறு ஆண்டு கழித்தும்! எடை திரும்பி வந்த பிறகும்!

இதே கெவின் ஹால் ஒரு கணக்குச் சொல்கிறார். ஒவ்வொரு கிலோ குறையும்போதும் உடம்பின் அன்றாடச் செலவு 20 முதல் 30 கலோரி வரை குறைகிறது. பசியோ, நாளொன்றுக்கு சுமார் 100 கலோரி கூடுகிறது. செலவு குறைவதைப் போல மூன்று நான்கு மடங்கு பசி இழுக்கிறது. அதனால்தான் முதல் ஆறு மாதம் விறுவிறுவென்று இறங்கிய எடை, பிறகு நின்று, பிறகு திரும்பிப் பார்க்காமல் ஏறுகிறது. இது உங்கள் குணக்கேடு இல்லை. உங்கள் உடம்பு தன் வேலையைச் செய்கிறது. ஏறிவிட்டதே என்று அழுதுகொண்டு வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

அப்படியானால் முடியாதா? இவ்வளவு தூரம் வந்து உங்களை அவநம்பிக்கையோடு அனுப்பவா நான் இங்கே நிற்கிறேன்? இல்லை. முடியும்! முடித்துக் காட்டியவர்கள் இருக்கிறார்கள்!

1994-இல் அமெரிக்காவில் ரீனா விங், ஜேம்ஸ் ஹில் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு பதிவேட்டைத் திறந்தார்கள். தேசிய எடைக் கட்டுப்பாட்டுப் பதிவேடு என்று பெயர். குறைந்தது 30 பவுண்டு, அதாவது பதின்மூன்றரைக் கிலோ குறைத்து, அதை ஓராண்டாவது காத்தவர்கள் அதில் பெயர் கொடுக்கலாம். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பதிவு செய்தார்கள். சராசரியாக 30 கிலோ குறைத்து, ஐந்தரை ஆண்டுகள் காத்தவர்கள். அவர்கள் தாமாக முன்வந்தவர்கள், எல்லாருக்கும் அவர்கள் அளவுகோல் ஆகமாட்டார்கள் என்பது உண்மை. ஆனால் முடியும் என்பதற்குப் பத்தாயிரம் சாட்சிகள் போதாதா?

அவர்கள் எப்படிக் குறைத்தார்கள் என்று பார்த்தால் ஆளுக்கொரு வழி. ஒருவர் தானாகக் குறைத்தார், ஒருவர் பயிற்சித் திட்டத்தில் சேர்ந்து குறைத்தார். ஆனால் எப்படிக் காத்தார்கள் என்று பார்த்தால் ஒருவரைப் போலவே இன்னொருவர் இருக்கிறார். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் நாளொன்றுக்குச் சராசரியாக ஒரு மணி நேரம் உடம்பை அசைக்கிறார்கள், பெரும்பாலும் நடைதான். முக்கால்வாசிப் பேர் வாரம் ஒரு முறையாவது எடை பார்க்கிறார்கள். பெரும்பாலோர் காலை உணவைத் தவறவிடுவதில்லை. தொலைக்காட்சி முன்னால் உட்காரும் நேரமும் குறைவு. அந்தத் தொலைக்காட்சிப் போட்டியாளர்களிடமும் இதே பாடம் கிடைத்தது. ஆறு ஆண்டு கழித்தும் எடையைக் காத்துக்கொண்டவர்கள் யார் என்று பார்த்தார்கள். உடலுழைப்பை மிகவும் கூட்டிக்கொண்டு, அதை விடாமல் தொடர்ந்தவர்கள்தான் அவர்கள்.

படகு வலித்த பேன்டிங்குக்கு ஏன் பயன்படவில்லை என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. உடற்பயிற்சி மட்டும் எடையைப் பெரிதாகக் குறைப்பதில்லை. குறைப்பது பெரும்பாலும் சாப்பாடு. குறைத்ததைக் காப்பதில்தான் உடலுழைப்பு தன் பலத்தைக் காட்டுகிறது. எடை குறையும்போது போவது கொழுப்பு மட்டும் இல்லை, ஏறத்தாழ கால் பங்கு தசை போன்ற மற்றவையும் போகின்றன. தசையைக் காக்க வேண்டும். அதற்குப் பருப்பு, பயறு, முட்டை, மீன், மோர் என்று புரதம் வேண்டும். தண்டால், பஸ்கி போல எதிர்த்துத் தள்ளும் பயிற்சி வேண்டும். வயதான அம்மாக்கள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்தாலே போதும்.

அமெரிக்காவை விட்டு நம் தெருவுக்கு வருவோம். எனக்குத் தெரிந்த ஓர் அம்மா தையல் கடை வைத்திருக்கிறார். அவர் சம்மதத்தோடு, பெயர் சொல்லாமல் சொல்கிறேன். 94 கிலோ இருந்தவர் 70-க்கு வந்தார். ஆறு ஆண்டாக அங்கேயே நிற்கிறார். என்ன செய்தார்?

அந்த வீட்டில் நான்கு பேர். மாதம் ஐந்து லிட்டர் எண்ணெய் வாங்கிக்கொண்டிருந்தார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஆளுக்கு நாளொன்றுக்கு 40 மில்லிக்கு மேல். எண்ணெயிலிருந்து மட்டும் ஏறக்குறைய 345 கலோரி. மளிகை வாங்குகிறவர் கணவர். மூன்று லிட்டருக்கு மேல் வாங்குவதில்லை என்று அவர் ஒரு மாதம் தீர்மானித்தார். ஆளுக்கு 25 மில்லி, சுமார் 205 கலோரி. தினமும் 140 கலோரி, யாரும் பட்டினி கிடக்காமல், நான்கு பேருக்கும் குறைந்தது. அம்மாவுக்காக வீடே மாறியது. நான் அதைத்தான் பெரிதாக நினைக்கிறேன். மனைவிக்கு மட்டும் தனியாக வேகவைத்த காய், மற்றவர்களுக்கு வழக்கம்போல வறுவல் என்று இருந்திருந்தால் அது ஆறு மாதம் கூட நின்றிருக்காது.

பிள்ளைகள் தட்டில் வைத்த மிச்சத்தைச் சாப்பிடுவது அவருக்கு வழக்கம். சோற்றைக் கொட்ட மனம் வராது. எந்தத் தாய்க்கு வரும்? அவர் என்ன செய்தார் தெரியுமா? பிள்ளைகளுக்கு முதலில் கொஞ்சமாகப் போட்டு, கேட்டால் மறுபடி போட்டார். மிச்சமே விழவில்லை. கடையில் மூன்று வேளை காபி, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சர்க்கரை. சர்க்கரையை ஒரே நாளில் விடவில்லை. வாரத்துக்கு அரைக் கரண்டியாகக் குறைத்தார். மதியச் சாப்பாட்டுக்கு ஸ்கூட்டியில் வீட்டுக்குப் போனவர் நடந்து போகத் தொடங்கினார். எடை இறங்க இறங்க நடை எளிதானது. ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடிக்கும் முழங்காலின் மேல் விழும் பாரம் நான்கு கிலோ குறைகிறது. இருபத்துநாலு கிலோ குறைந்தவருடைய முழங்காலை நினைத்துப் பாருங்கள்!

அவருக்கு மிகவும் கடினமாக இருந்தது எது? பசியா? நடையா? இல்லை. உறவுக்காரர்கள்! ஒரு வளைகாப்பு வீட்டில் பந்தியில் உட்கார்ந்திருக்கிறார். நாத்தனார் பக்கத்தில் வந்து, எல்லார் காதிலும் விழும்படி, "ஏன்டி இப்படி வத்திப் போயிட்ட? சுகரா? எங்ககிட்ட என்னத்துக்கு மறைக்கிற?" என்கிறார். இன்னொருவர், "முகமே வாடிப் போச்சு, முன்னாடி மகாலட்சுமி மாதிரி இருந்தே" என்கிறார். வேண்டாம் என்று கையை இலைக்கு மேல் வைத்தால், விரலிடுக்கில் சர்க்கரைப் பொங்கல் விழுகிறது. அந்த அம்மா அழுத்தமாகச் சொன்னாராம்: "அக்கா, எனக்கு ஒரு நோயும் இல்ல. பந்தியில உக்காந்தா சாப்பிட்டுத்தான் எந்திரிப்பேன். நான் கேட்டதை மட்டும் போடுங்க."

தாய்மார்களே, பெரியோர்களே, இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். உபசரிப்பு நம் பண்பாடு. அதை யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் ஓர் ஆண்டு பாடுபட்டு ஒருவர் குறைத்ததை, "ஒரு நாள் சாப்பிட்டா என்ன ஆகிடும்" என்ற வார்த்தையால் கலைக்காதீர்கள். சொல்கிற உங்களுக்கு அது ஒரு நாள். ஆனால் அவருக்கு வாரத்துக்கு எத்தனை கல்யாணம், எத்தனை கிருகப்பிரவேசம், எத்தனை காதுகுத்து! குண்டாக இருந்தபோதும் பேசினீர்கள், இளைத்தபோதும் பேசுகிறீர்கள். எப்போதுதான் அந்த உடம்பை நிம்மதியாக விடப் போகிறோம்?

இந்த அம்மாவின் கதையில் நான் சொல்ல வேண்டியது இன்னும் இருக்கிறது. மூன்றாம் ஆண்டில் அவருடைய தாயார் நோயில் விழுந்தார். பல வாரம் மருத்துவமனை வாசம். நடை நின்றது. தூக்கம் இல்லை. வாசலில் இருந்த கடையில் பரோட்டா. நான்கு கிலோ ஏறியது. அந்த நான்கு கிலோவிலேயே என் முன்னால் வந்து உட்கார்ந்தார். "நாலு ஏறிடுச்சு டாக்டர், அதான் இப்பவே வந்துட்டேன்" என்றார். தலை குனியவில்லை. மூன்று மாதத்தில் அது இறங்கியது. எடையைக் காக்கிறவர்களுக்கு எடை ஏறுவதே இல்லை என்று நினைக்காதீர்கள். ஏறும். வீட்டில் சாவு வரும், பிரசவம் வரும், கால் முறியும், வேலை போகும். நான்கில் வருகிறார்களா, இருபத்துநாலில் வருகிறார்களா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இதற்கு ஆராய்ச்சிச் சான்றும் உண்டு. அந்தப் பதிவேட்டைத் தொடங்கிய ரீனா விங், எடையில் பத்தில் ஒரு பங்காவது குறைத்திருந்த 314 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார். ஒரு குழுவுக்கு அவ்வப்போது செய்திமடல் மட்டும் போனது. ஒரு குழுவுக்கு இணையம் வழியாக ஆலோசனை. ஒரு குழுவை நேரில் சந்தித்துப் பேசினார்கள். ஆலோசனை பெற்ற இரண்டு குழுவினரையும் தினமும் எடை பார்க்கச் சொல்லி, நிறங்களால் அடையாளம் வைத்துக் கொடுத்தார்கள். எடை ஏற்றம் ஒன்றரைக் கிலோவுக்குள் இருந்தால் பச்சை, அப்படியே தொடரலாம். அதைத் தாண்டினால் மஞ்சள், எங்கே பிசகியது என்று பார்க்க வேண்டும். 2.3 கிலோ ஏறினால் சிவப்பு, எடை குறைத்தபோது செய்ததை எல்லாம் மறுபடி தொடங்க வேண்டும், உதவிக்கும் ஆளைக் கூப்பிட வேண்டும். பதினெட்டு மாதம் கழித்துப் பார்த்தார்கள். செய்திமடல் மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 72 பேருக்கு 2.3 கிலோ அல்லது அதற்கு மேல் ஏறியிருந்தது. நேரில் சந்தித்துக்கொண்டவர்களில் 46 பேருக்குத்தான். மருந்து இல்லை, மாயம் இல்லை. ஒரு தராசு, கேட்க ஓர் ஆள். அவ்வளவுதான் வித்தியாசம்!

இப்போது வந்திருக்கும் ஊசிகளைப் பற்றிக் கேட்பீர்கள். செமாக்ளூடைடு, டிர்செபடைடு இரண்டும் நம் நாட்டுக்கும் வந்துவிட்டன. பசியைத் தணித்து எடையை நன்றாகவே குறைக்கின்றன. செமாக்ளூடைடு போட்டுக்கொண்டவர்களுக்கு 68 வாரத்தில் சராசரியாக 15 விழுக்காடு குறைந்தது. தேவைப்படுகிறவர்கள் மருத்துவர் மேற்பார்வையில் போட்டுக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் ஊசியை நிறுத்திய ஓராண்டுக்குள், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்தது என்பதும் அதே ஆராய்ச்சியின் தொடர்ச்சியில் தெரிந்தது. மகள் கல்யாணத்துக்கு மூன்று மாதம் போட்டுக்கொள்கிறேன் என்று வருகிறவர்களுக்கு இதைத் தெளிவாகச் சொல்லிவிடுவது என் கடமை. வயிற்றைச் சிறிதாக்கும் அறுவை சிகிச்சைக்கும் அதற்குப் பிந்தைய கவனிப்பு ஆயுள் முழுக்க வேண்டும்.

இரத்த அழுத்தம் உள்ளவரிடம், "போன வருஷம்தான் மாத்திரை சாப்பிட்டீர்களே, இன்னும் எதற்கு?" என்று யாராவது கேட்கிறோமா? கேட்பதில்லை. ஆயுள் முழுக்கக் கவனிக்க வேண்டியது என்று ஒப்புக்கொண்டுவிட்டோம். எடையை மட்டும் ஏன் ஒரு முறை குறைத்தால் தீர்ந்தது என்று நினைக்கிறோம்? குறைக்கிற ஆறு மாதத்துக்குப் பயிற்சியாளர் இருக்கிறார், திட்டம் இருக்கிறது, கட்டணம் இருக்கிறது, படம் பிடித்துப் போட ஆள் இருக்கிறது. காக்கிற ஐந்து ஆண்டுக்கு யார் இருக்கிறார்கள்? மருத்துவர்களாகிய எங்களிடமும் அதற்கு ஓர் ஏற்பாடு இல்லை. எடை குறைந்தவரை, "நல்லது, போய் வாருங்கள்" என்று அனுப்பிவிடுகிறோம். அவருக்கு எங்கள் துணை மிகவும் தேவைப்படும் காலம் அன்றுதான் தொடங்குகிறது.

முழுவதையும் காக்க முடியாதவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். இருபது கிலோ குறைத்து எட்டு மட்டும் நின்றால் அது தோல்வி இல்லை. நீரிழிவு வந்துவிட்ட ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து அமெரிக்காவில் நடத்திய நீண்ட ஆய்வில், உணவையும் உடற்பயிற்சியையும் விடாமல் தொடர உதவி பெற்றவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர், எட்டு ஆண்டு கழித்தும் எடையில் 5 விழுக்காடாவது குறைவாகவே இருந்தார்கள். 80 கிலோ உள்ளவருக்கு அது நான்கு கிலோ. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் அந்த நான்கு கிலோவை மதிக்கின்றன.

ஆகவே வாசகர் வட்டத்து நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள் வைத்தேன், ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, இந்த நூலகத்தின் பின்கட்டு அறையைத் திறந்துவிடுவார்கள். எடையைக் குறைத்தவர்கள் அங்கே கூடலாம். தராசு நான் கொண்டு வருகிறேன். உங்கள் எண்ணை நீங்கள் யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் நோட்டில் குறித்துக்கொண்டால் போதும். பிறகு எல்லாரும் சேர்ந்து ஏரிக்கரை வரை நடந்துவிட்டு வருவோம். கட்டணம் இல்லை. கணவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், மாமியாரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், மளிகை வாங்குகிறவர் யாரோ அவரைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு வாருங்கள். குறைத்தது முழுக்கத் திரும்பி வந்துவிட்டதே, எந்த முகத்தோடு வருவது என்று தயங்குகிறவர்கள் யாராவது இங்கே இருந்தால், அவர்களுக்குத்தான் முதல் அழைப்பு.